பதினேழாம் வரிசையில் ஒரு மனு

டிக்கெட் விலை குறைவாக இருந்தால் விமானம் தாழ்வாகப் பறக்கும் என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், பி.ஏ. பொருளாதாரம் படித்து முடித்து, எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேருக்காவது மனு எழுதிக் கொடுத்த பிறகு, இதை நம்பினேன். சென்னை போகிற பஸ்ஸைப் பாருங்கள். சாதாரண பஸ் தரையோடு தரையாக இருக்கும். சொகுசு பஸ்ஸில் ஏறுவதற்குள் முழங்கால் கழன்றுவிடும். விலை ஏறினால் உயரமும் ஏறுகிறது. அதே கணக்கை ஆகாயத்துக்கும் போட்டேன். பெரிய கம்பெனி விமானம் மேகத்துக்கு மேலே போகும், நம்முடையது மேகத்துக்குக் கீழே, மிஞ்சிப் போனால் எங்கள் ஊர் மலை உயரத்தில் போகும். கார்த்திகைக்குத் தீபக் கொப்பரை வைக்கும் அதன் உச்சிவரை நான் இரண்டு தடவை ஏறி இறங்கியவன். அந்த உயரம் பழக்கம்தான் என்று ஒரு தைரியமும் இருந்தது.

இரண்டாயிரமாவது வருடத்துக்குப் பிறகு, பஸ் டிக்கெட் விலையில் விமானம் என்று பேப்பரில் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்த காலம் அது. எனக்கு அந்த விளம்பரத்தில் ஏற வேண்டிய அவசியம் வந்ததற்குக் காரணம் என் தொழில்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே எனக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெரிய குடை. மனு எழுதுவேன். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, எல்லாம் வரும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் மதியம் சோறு தின்ன நேரம் இருக்காது. இதில் என் மனதைக் கெடுத்தவை சான்றிதழ் தொலைத்தவர்களின் மனுக்கள். பஸ்ஸில் விட்டவர், கரையானுக்குக் கொடுத்தவர், மச்சானிடம் கொடுத்து வைத்து மச்சானையே தொலைத்தவர். இருபது வருடம் இவர்களுக்கு எழுதி எழுதி எனக்கு ஒரு கொள்கை வந்துவிட்டது. ஒரிஜினல் வீட்டு பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது. கேட்கிறவனுக்கு அட்டெஸ்டேஷன் வாங்கிய ஜெராக்ஸ், அதுவும் மூன்று செட்.

ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்தபோதும் அப்படித்தான் அனுப்பினேன். பச்சை மையில் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் மூன்று செட். ஒரிஜினல் பீரோவில். "பொண்ணு படிக்கப் போவுது, அது கையிலயே குடுத்துடுங்க" என்று மனைவி சொன்னாள். அவளுக்கு உலகம் தெரியாது என்று விளக்கினேன்.

மறுநாளே, அதுவும் பௌர்ணமி அன்று சாயங்காலம், மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஜெராக்ஸ் செல்லாதாம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் காட்டணும். இல்லன்னா சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குப் போயிடுமாம்."

அவள் அழவில்லை. நான்தான் அழுகிற மாதிரி ஆனேன். மனைவி பீரோவைத் திறந்து, ஃபைலை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வேலூர் போய் ஐதராபாத் பஸ் பிடிக்கச் சொன்னாள். நல்ல யோசனை. ஆனால் அன்று பௌர்ணமி. ஊருக்குள் பஸ் வராது. வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊர் எல்லையில் மறித்து நிறுத்தி, கிரிவலக் கூட்டத்தை இறக்கிவிட்டு அப்படியே திரும்பும். அந்த ஜனத்துக்குள் நீந்தி, எந்தப் பக்கத்துத் தற்காலிக பஸ் நிலையத்தில் வேலூர் பஸ் நிற்கிறது என்று கண்டுபிடித்து, வேலூரில் இடம் கிடைத்து, வழியில் டயர் வெடிக்காமல் இருந்து... நான் வெடிக்காத டயரையெல்லாம் வெடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நேராகத் தேரடித் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மறுநாள் காலை பதினொன்றேகாலுக்குச் சென்னையிலிருந்து ஒரு மலிவு விமானம், பன்னிரண்டரைக்கு ஐதராபாத். சென்டர்காரர் தன் கார்டில் எடுத்துக் கொடுத்தார். டிக்கெட் என்று ஒரு வெள்ளைத் தாள் வந்தது. அதையும் மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன். அட்டெஸ்டேஷனுக்கு நேரமில்லை, இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

விடிவதற்குள் ஊரின் வடகிழக்கே ஈசானியம் பக்கத்துத் தற்காலிக பஸ் நிலையத்துக்கு நடந்து போய் சென்னை பஸ் ஏறினேன். கிரிவலம் முடித்த ஜனம் மொத்தமும் என் மேல் சாய்ந்து தூங்கியது. திண்டிவனம் வரை ஒற்றைக் காலில். சான்றிதழ் ஃபைலைப் பனியனுக்குள் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டிருந்தேன். விமான நிலையத்தில் சோதனை போட்ட காவலர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். டப் டப் என்று பிளாஸ்டிக் சத்தம் வந்தது. வெளியே எடுக்கச் சொன்னார். ஒரிஜினல் சார் என்றேன். எதன் ஒரிஜினல் என்று அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குப் பதினேழாம் வரிசையில் ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஒரு நெல்லூர்க்காரர், இறால் வியாபாரி. மாதம் இரண்டு தடவை இந்த விமானத்தில் போகிறவராம், தமிழ் சரளமாகப் பேசினார். நான் பெல்ட்டை மாட்டத் தெரியாமல் அவருடைய பெல்ட்டின் ஒரு பாதியை என்னுடையதோடு பூட்டிவிட்டேன். அவர் பொறுமையாகக் கழற்றி, "தனித்தனியாவே போவோம் சார்" என்றார். செல்போனை அணைக்கச் சொன்னார்கள். உடனே அணைத்தேன். அதை மறுபடி போட்டால் விமானம் விழுந்துவிடும் என்று நினைத்தேன். நின்றுகொண்டிருக்கிற விமானம் எங்கே விழும் என்று யோசிக்கவில்லை.

பதினொன்றேகால் ஆனது. கிளம்பவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு டேங்கர் லாரி இறக்கைக்குக் கீழே வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். விமானக் கம்பெனிச் சட்டை போட்ட ஒருத்தர் ஓடி வந்து அவர்களிடம் என்னவோ பேசினார், கையைக் கூப்பினார், செல்போனை நீட்டினார். வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். குழாயைத் தொடவே இல்லை. ஏறி லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"இன்னா சார், பெட்ரோல் போடாமப் போறாங்க?"

நெல்லூர்க்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கடன் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருப்பாங்க. போன மாசமும் இப்படித்தான். காசு வந்தாதான் ஊத்துவாங்க."

"எப்ப வரும்?"

"அது இவங்களுக்கே தெரியாது சார்."

ஒலிபெருக்கியில் தொழில்நுட்பக் காரணம் என்றார்கள். கால் மணிக்கு ஒரு தடவை அதையே சொன்னார்கள். ஏ.சி. நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு உள்ளே அரிசி ஆலையில் நெல் வேக வைக்கிற இடம் மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்டேன். பாட்டிலுக்குக் காசு என்றாள் விமானப் பணிப்பெண். காசு கொடுத்து வாங்கிக் குடித்ததில் ஒரு திருப்தி. அந்தக் காசாவது டேங்கருக்குப் போகட்டும்.

என்னை வதைத்தது கதவுதான். முன்கதவு திறந்தே இருந்தது. படிக்கட்டும் வைத்தபடி இருந்தது. பூட்டிய அறையில் மாட்டியவனுக்குக் கூட ஒரு மரியாதை உண்டு, கதவைத் தட்டலாம். திறந்த கதவை எப்படித் தட்டுவது? எழுந்து போனேன். ஃபைல் வயிற்றில் டப் டப் என்றது.

"நான் எறங்கிக்கிறேம்மா. வேற பிளேன்ல போய்க்கிறேன்."

பணிப்பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இறங்க முடியாது சார் என்றாள். ஒருவர் இறங்கினால் எல்லாருடைய பெட்டியையும் இறக்கிச் சோதிக்க வேண்டுமாம். என்னிடம் பெட்டியே இல்லை, வயிறு மட்டும்தான் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ரூல்ஸ் சார் என்றாள். படிக்கட்டின் கீழே துப்பாக்கியோடு ஒரு காவலர் வெயிலில் நின்றார். அவரும் நகர முடியாமல்தான் நிற்கிறார் என்று தோன்றியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். உண்மையில் இறங்கி என்ன செய்திருப்பேன்? அடுத்த விமானத்துக்கு அவர்கள் கேட்கிற பணம் என்னிடம் கிடையாது. ஆனாலும் இறங்கலாம் என்றால் உட்கார்ந்திருப்பேன். இறங்க முடியாது என்றதும் மூச்சு முட்டியது.

கணக்குப் போட்டேன். ஒரு மணிக்குக் கிளம்பினால் இரண்டேகாலுக்கு இறங்கலாம், ஆட்டோவில் ஒரு மணி நேரம், போதும். இரண்டுக்குக் கிளம்பினால் அங்கே போய்ச் சேர நாலேகால், ஓடினால் போதும். இரண்டரைக்குக் கிளம்பினால்... அங்கே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பெண் ராத்திரி பகல் படித்து வாங்கிய இடம், அப்பன் பீரோவைப் பூட்டிய திறமையால் போகப் போகிறது. ஃபைலை வெளியே எடுத்துத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்த்தேன்.

"அதென்ன சார், சொத்துப் பத்திரமா?" என்றார் நெல்லூர்க்காரர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து சாயங்காலமே பஸ் ஏறியிருந்தா இந்நேரம் சர்டிபிகேட்டைக் காட்டிட்டு பிரியாணி சாப்பிட்டிருப்பீங்களே" என்றார். வீட்டில் ஒருத்தி சொன்னதை ஆகாயத்தில் வந்து இன்னொருவர் சொல்ல வேண்டுமா? ஆகாயம்கூட இல்லை, தரை.

அப்போதுதான் எனக்கு கீழ்பென்னாத்தூர் வேன் ஞாபகம் வந்தது. அந்த வேன்காரர் காலையில் டேங்க்கைக் காயவிட்டுத்தான் வருவார். ஆள் ஏறினதும் எல்லாரிடமும் முன்கூட்டியே காசு வாங்கி, வண்டியை பங்க்குக்குள் விட்டு, அந்தக் காசுக்கு டீசல் போட்டுத்தான் கிளப்புவார். ஜனம் முணுமுணுக்கும், கொடுக்கும், வேன் போய்ச் சேரும். இத்தனை எளிதான விஷயம் இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுத்து நீட்டி, ஆளுக்கு இவ்வளவு போட்டால் டேங்கர்காரரைத் திரும்பக் கூப்பிடலாமா என்று நெல்லூர்க்காரரிடம் கேட்டேன். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் ஆனது.

"சார், அந்த நூறுக்கு இது ரன்வே வரைக்கும் கூடப் போகாது. உள்ள வைங்க."

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். எனக்கு மனுதான் வரும். சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் தாள் எப்போதும் இருக்கும். முன் இருக்கையின் தட்டை இறக்கினேன். அனுப்புநர் என்று எழுதி, பதினேழாம் வரிசை, ஜன்னல் ஓரம், சென்னை விமான நிலையம் என்று விலாசம் போட்டேன். பெறுநர் இடத்தில்தான் பேனா நின்றது. தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ. இல்லை. கடைசியில் உயர்திரு தலைமை விமானி அவர்கள் என்று எழுதினேன். பொருள்: எரிபொருள் நிரப்பி விமானத்தைக் கிளப்ப வேண்டுதல் தொடர்பாக.

கை தானாக ஓடியது. மகளின் இடம், மாலை ஐந்து மணி, ஒரிஜினல், எல்லாவற்றையும் ஒரே பத்தியில் அடைத்து, ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். நெல்லூர்க்காரர் படிக்கச் சொல்லிக் கேட்டார். "நமக்கும் சேர்த்துப் போடுங்க, ஐஸ்ல இறால் இருக்கு" என்றார். பின்வரிசையில் ஒருவர் என்ன ஏது என்று விசாரித்தார். பத்து நிமிடத்தில் தாள் கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் வேர்வை ஒழுகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், இதில் ஜாமீன் கீமீன் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போட்டார். என் மேசைக்கு வருகிறவர்கள் வீட்டுக் கதவு எண் எழுதுகிற இடத்தில் இவர்கள் இருக்கை எண் எழுதியிருந்தார்கள்.

பணிப்பெண் மனுவை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். திரும்பி வந்தவளிடம் ரசீது கேட்டேன். மனு கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீல், ஒரு எண், தேதி. அது இல்லாமல் நான் எந்த ஆபீஸையும் விட்டு வந்ததில்லை.

"கேப்டனுக்குத் தமிழ் தெரியாது சார். நான்தான் படிச்சுச் சொன்னேன். நல்லா எழுதியிருக்காருன்னு சொல்லச் சொன்னார்."

"பெட்ரோல்?"

அவள் என் தட்டின் பக்கம் குனிந்தாள். குரலை இறக்கினாள்.

"சார், எங்களுக்கு மூணு மாசமா சம்பளம் வரல. இதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு எழுதித் தருவீங்களா? நாங்க எழுதினா சண்டை போடற மாதிரி வருது. உங்களது மரியாதையா இருக்கு."

நான் அவளைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். உதட்டில் சாயம், தலையில் இழுத்துக் கட்டின கொண்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், அத்தனையும் ஒழுங்காக இருந்தன. செருப்பின் குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். காட்பாடி என்றாள். வீட்டில் சம்பளம் வருகிறது என்றுதான் இன்னும் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

எழுதினேன். அந்தக் கால் மணி நேரம் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனை பேர், எந்தெந்த மாதம், யாரிடம் வாய்மொழியாகக் கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். அவள் இடைகழியில் நின்றபடி சொன்னாள், நடுநடுவே போய்த் தொழில்நுட்பக் காரணம் என்று அறிவித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இங்கிலீஷில் அவளே மாற்றிக்கொள்வதாகச் சொல்லி மடித்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு சார் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், ஒரு பாட்டில் தண்ணீர் கொடு போதும் என்றேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு விமானி பேசினார். விமானம் ரத்து. எல்லாரும் இறங்கலாம்.

அதுவரை இறங்க வேண்டும் என்று தவித்தவன், இறங்கச் சொன்னதும் எழுந்திருக்கவில்லை. நெல்லூர்க்காரர் என் தோளைத் தட்டி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுங்கள் என்றார். அத்தனை நேரமும் பெல்ட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறேன், கதவுவரை போய் வந்த நேரம் தவிர.

விமான நிலையத்துக்குள்ளே கம்பெனியின் கவுன்டரில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. கூட்டம் கத்தியது. நான் சுவர் ஓரமாகப் போய் செல்போனைப் போட்டேன். மகளிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன்.

"அப்பா, காலையிலிருந்து கியூவுல நிக்கிறேன். எங்க இருக்கீங்க?"

"ஏரோப்பிளேன்ல இருந்தேம்மா."

"எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன்."

"எவ்ளோ நேரத்துல வருவீங்க?"

"மெட்ராஸ்லயே எறங்கிட்டேம்மா. அது கெளம்பவே இல்ல."

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"சரிப்பா. நீங்க சாப்பிடுங்க. நான் பேசிப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் சென்ட்ரலுக்குப் போய் ஐதராபாத் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறினேன். கழிப்பறைக் கதவுக்கு எதிரே உட்கார இடம் கிடைத்தது. மறுநாள் காலை போய்ச் சேர்ந்தேன். மகள் என்னைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்த அம்மா ஒரிஜினல்களை ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு டிக் அடித்து, இரண்டு நிமிடத்தில் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

முந்தின நாள் ஐந்து மணி ஆகக் கால் மணி இருக்கும்போது, கியூவில் மிச்சம் இருந்தவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அதனால் சீட்டு போகவில்லை. ஹாஸ்டல் இடம், அன்றைக்குச் சான்றிதழ் காட்டியவர்களோடு முடிந்துவிட்டது. முதல் வருடம் முழுவதும் அவள் வெளியே ஒரு வீட்டின் மாடி அறையில் நாலு பெண்களோடு தங்கி, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பஸ்ஸில் போய்த்தான் படித்தாள்.